இடிவீரனுக்கு அடித்த மொட்டை

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் நடுத்தர வயது நண்பர்கள் இருவர். கிரிக்கெட் தொப்பி போட்டிருந்தவர் திடீரென்று, "இடிவீரன் செத்ததுக்கு நான் மொட்ட அடிச்சிகினேன் மச்சான்" என்றார்.

"இன்னாது? காமிக்ஸ்ல செத்தவனுக்கா? திருப்பதி வேண்டுதல்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியேடா!"

"வேற யாரு அடிப்பா? அவன் அநாதன்னு மொத புக்லயே போட்டுட்டானுங்க."

"அடுத்த மாசமே உயிரோட வந்து நின்னானே! செத்தது கனவாம். இன்னா ஒரு ஏமாத்து வேல!"

"அந்தக் கதைய எழுதனவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

"வுடு மச்சான். இருவது வருசம் ஆயிடுச்சி. அதான் அவன் திரும்பி வந்துட்டான் இல்ல?"

அவர் தொப்பியைக் கழற்றினார். தலை பளபளத்தது.

"அவன் வந்துட்டான். முடி வர்லியே!"