வண்டிக்குச் சக்கரை டெஸ்டு

பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும், ஐயா. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வண்டி ஓடினாலும் குடிக்கும், ஷெட்டில் சும்மா நின்றாலும் குடிக்கும். அதனால் அதைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றக் கூடாது, வருஷம் பார்த்து மாற்ற வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் என் மாப்பிள்ளை அழகுபாண்டிக்கு இதைப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். பெயர் காசிமாயன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நாகமலை புதுக்கோட்டையில் வீடு. மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகள் தாமரைச்செல்வி. அவளைக் கட்டியவர்தான் அழகுபாண்டி, ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டி விற்கிறவர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. என் மகளைக் கண் கலங்காமல் வைத்திருந்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

ஹைபிரிட் கார் வாங்கியதும் அந்தச் சிரிப்பு இன்னும் கூடியது. பாதி நேரம் இன்ஜினில் ஓடும், பாதி நேரம் பேட்டரியில் ஓடும். “ஓடாத இன்ஜினுக்கு எதுக்கு மாமா ஆயிலு?” என்பார். சூடேறுவதற்குள் அணைந்து அணைந்து பற்றுகிற இன்ஜினில்தான் ஆயில் சீக்கிரம் கெடும் என்று சொன்னேன். இன்வெர்ட்டரைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கூலன்ட் இருக்கிறது, அதற்கும் கெடு உண்டு என்று சொன்னேன். “எல்லாம் வண்டியே சொல்லும் மாமா” என்று முன்னால் இருந்த திரையைத் தட்டிக் காட்டினார். கூலன்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். இன்ஜின் ஆயில் விஷயத்திலும் விட்டுக்கொடுத்தேன். என்னைப் பிடிவாதக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிரேக் அப்படியல்ல. ஹைபிரிட் வண்டியில் பிரேக்கை மிதித்தால் முதலில் மோட்டார்தான் வேகத்தைக் குறைக்கிறது, குறைத்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரியில் ஏற்றிக்கொள்கிறது. உண்மையான பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. மதுரையைச் சுற்றிச் சமதரையிலேயே ஓட்டுகிறவருக்கு, உள்ளே ஆயில் கெட்டுக் கிடப்பது சாகிறவரை தெரியாது.

அந்த ஆயிலில் எவ்வளவு ஈரம் என்று பார்க்க, பேனா மாதிரி ஒரு கருவி கிடைக்கிறது. முனையை ஆயிலில் வைத்தால் நல்லதற்குப் பச்சை எரியும், கெட்டதற்குச் சிவப்பு எரியும். ஒன்று வாங்கினேன். செக்கானூரணியில் அழகுபாண்டியின் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. மண்டப வாசலில் அவருடைய காரின் பானட்டைத் திறக்கச் சொல்லி, முனையை வைத்தேன். சிவப்பு எரிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அடேயப்பா, எங்க மாமா வண்டிக்கே சக்கரை டெஸ்டு எடுக்குறாரு” என்றார் ஊருக்கே கேட்கிற மாதிரி. “ஏன் மாமா, இது சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா?”

மண்டப வாசலே சிரித்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, என்னவென்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். தாமரையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுப் பக்கம் எனக்குச் ‘சக்கரை டெஸ்டு மாமா’ என்றே பெயர். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் சிவப்பு எரிந்துகொண்டிருந்ததை அங்கே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அவரே சர்வீஸுக்கு வண்டியை விட்ட இடத்திலிருந்து போன் செய்தார்.

“மாமா, பிரேக் ஆயில மாத்தணும்ங்குறாங்க. நீங்கதான் அம்புட்டுத் தரம் சொன்னீங்க. மாத்திரட்டுமா?”

இந்த இடத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தக் கேள்விக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். ‘மாத்திருங்க மாப்ள’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒன்று தோன்றியது. மாற்றிவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால், நான் சொன்னது சரி என்று யாருக்கு எப்படித் தெரியும்? ‘மாமா மனசு நோகக் கூடாதுன்னு மாத்துனேன்’ என்று அடுத்த விசேஷத்தில் சொல்லிச் சிரிப்பார்.

“வேணாம் மாப்ள” என்றேன். “அவங்க எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. ஹைபிரிட்டுல பிரேக்குக்கு வேலையே இல்லையே. அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

“நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறமென்ன மாமா” என்றார். என் பேச்சை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயில் தாங்கவில்லை, சிறுமலைக்குப் போய் வரலாம் என்று கிளப்பியதும் நான்தான். ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போது மோட்டார் பேட்டரியை ஏற்றிக்கொண்டே வரும். பேட்டரி நிறைந்துவிட்டால் ஏற்ற இடமிருக்காது, அப்போது பாரமெல்லாம் உண்மையான பிரேக்கின் மேல் விழும். அது சூடேறும், ஆயிலில் இருக்கிற தண்ணீர் ஆவியாகும். ஆயிலுக்குப் பதில் ஆவியை அழுத்தினால் பிரேக் மிதி வெறுமனே அமுங்கும், வண்டி நிற்காது. இறக்கத்தில் கியரை ‘பி’ என்ற இடத்தில், பார்க்கிங் ‘பி’ அல்ல, ஏ பி சி-யில் இரண்டாவதாக வருகிற ‘பி’யில், போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. நான் படித்திருந்தேன்.

தாமரையை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் சிரித்தவள்தானே.

சாயங்காலம் இறங்கும்போது, முன்னால் உட்காரச் சொல்லி மாப்பிள்ளை எவ்வளவோ கேட்டார். நான் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். “பின்னாடி உக்காந்துக்கிட்டு எதுக்குப்பா பெல்டு?” என்று தாமரை கேட்டாள். சும்மாதான் என்றேன். சில வளைவுகள் தாண்டியதும் அழகுபாண்டி திரையைக் காட்டினார்.

“பாத்தீங்களா மாமா, பேட்டரி ஃபுல்லு. அம்புட்டும் ஓசிக் கரண்டு.”

“ஆமா மாப்ள” என்றேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. மிதி இளகும், பயந்துபோவார், மலையோரமாக ஒதுக்கி நிறுத்துவார், திரும்பி என்னைப் பார்த்து ‘நீங்க சொன்னது சரிதான் மாமா’ என்பார். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்கத்தான் கூடவே போனேன்.

மிதி இளகியது. மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்தார். “மாமா, பிடிக்க மாட்டேங்குது மாமா” என்றார். பக்கத்தில் மனைவி இருக்க, என்னைத்தான் கூப்பிட்டார். ‘பி’யில போடுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தாமரையின் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் வண்டியை ஒடித்து, தன் பக்கம் பாறையில் அடிபடுகிற மாதிரி மோதினார். அந்த நேரத்தில்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் அங்கேயே போய்விட்டார். தாமரைக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. எனக்குத் தோளில் பெல்ட் அழுந்திய கன்றல் மட்டும்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் வண்டியைச் சோதித்தவர் பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மிதி கல் மாதிரி நிற்கிறதாம், பிரேக் பேடெல்லாம் தேயாமல் புதிதாக இருக்கிறதாம். ஏன் நிற்காது? சூடு ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், மிதி பழையபடி இறுகிவிடும். நீங்களும் ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்று எழுதி முடிக்கப் பார்க்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் தாமரை சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்: “பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்குறாங்களேப்பா. அவருதான் பதட்டத்துல சரியா மிதிக்காம விட்டுட்டாரோ?” எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் பிரேக் ஆயிலைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் நானாக வந்தேன். மாற்ற வேண்டாம் என்று சொன்னவன் நான். அது தாங்காது என்று தெரிந்தே மலைக்குக் கூட்டிப் போனவன் நான். காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு எழுத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்கிற இடத்தில் மட்டும் பிரேக் ஆயில் என்று சரியாக எழுதுங்கள்.

அந்தச் சோதனைப் பேனா சட்டைப்பையிலேயே இருக்கிறது. வண்டி வெளியே உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில்தானே நிற்கிறது, வாருங்கள், மூடியைத் திறந்து காட்டுகிறேன். சிவப்புதான் எரியும். தாமரையையும் எப்படியாவது சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வரச் சொல்லுங்கள், ஐயா. இந்தத் தடவை அவள் சிரிக்க மாட்டாள்.