இரண்டு தோடிகள்

ஒரே தோடியை இரண்டு நாதஸ்வர வித்துவான்கள் வாசித்த இசைத்தட்டுகள் கிடைத்தால் எதை வாங்குவது என்று குழம்ப வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அதற்குள் ராகத்தை ஓட ஓட விரட்டுகிறவரை விட்டுவிடுங்கள். நிதானமாக நின்று வாசிக்கிறவரை வாங்குங்கள். ஹட்டனில் அலியார் நானாவின் கடையில் இருபது வருடமாக இசைத்தட்டு விற்கிறவன் சொல்கிறேன். நான் சொல்லி வாங்கிய தட்டை யாரும் திருப்பிக்கொண்டு வந்ததில்லை.

ஆண்டியப்பன் விஷயத்தையும் நான் ஆத்திரத்தில் செய்யவில்லை.

அவன் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை பார்த்தான். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு தட்டுகளோடு பஸ் ஏறி அவன் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி மீனம்மா தேத்தண்ணி கொடுப்பாள். தட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, அவனுடைய கிராமபோனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மொதலாவதுல கமகம் கொஞ்சம் அவசரம் மச்சான்" என்பான். நான் நினைத்ததும் அதுவாகவே இருக்கும். எனக்குக் குடும்பம் கிடையாது. பதினான்கு வருடம் அந்த ஞாயிறுகள்தான் இருந்தன.

ஐம்பத்து நான்காம் வருடம் மாசியில் ஒரு ஞாயிறு. முதல் தோடி முடிந்ததும் தட்டை எடுத்துத் துடைத்தேன். பேச்சு மும்முரத்தில் அடுத்ததை வைப்பதற்குப் பதில் அதையே மறுபடி வைத்துவிட்டேன். முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே ஓடவிட்டேன்.

ஆண்டியப்பன் கண்ணைத் திறந்து தலையாட்டினான். "ரெண்டாவதுதான் மச்சான். அதைவிட இதுல ஒரு நெதானம் இருக்கு."

பதின்மூன்று வயது மகள் பூரணி சிரித்துவிட்டாள். "ரெண்டும் ஒரே தட்டு மாமா. அப்பாவுக்குப் பாட்டே சரியாக் கேக்காது. நீங்க மொதல்ல சொல்றதைத்தான் அவரு திருப்பிச் சொல்லுவாரு."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "மெஷின் சத்தத்துல காது எப்பவோ போயிருச்சு மச்சான். கிட்டக்கப் பேசினா கேக்குது, பாட்டெல்லாம் வெறும் எரைச்சல்தான். சொன்னா நீ வராம இருந்துருவியோன்னுதான்…"

பரவாயில்லை என்றேன். இன்னொரு கோப்பைத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு மீது விசாரணை. முப்பத்தொன்பதிலிருந்து ஒரேயடியாக ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் தங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நாற்பதில், தாய்க்குச் சுகமில்லை என்று துறையூருக்குப் போனவன் நான்கே மாதத்தில் திரும்பிவிட்டான். ஆனால் அந்த வருடம் வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதிய தோட்டத்துச் செக்ரோலைக் கரையான் தின்றுவிட்டது. நான்தான் சாட்சி.

அவனை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு, அதிகாரி என்னைச் சிங்களத்தில் விசாரித்தார். திரும்பி வந்த காலம் எப்படி ஞாபகம் என்று கேட்டார். வரும்போது திருச்சியில் வாங்கிய ஓர் இசைத்தட்டை எனக்குக் கொடுத்தான் என்றேன். அது மெய். அந்தத் தட்டு வெளிவந்ததே நாற்பத்தொன்று கடைசியில் என்றேன். அது பொய், முப்பத்தொன்பதிலேயே வந்துவிட்டது.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"இது என் தொழில், ஐயா."

அவன் திரும்பியது நாற்பத்தொன்று கடைசிக்குப் பிறகு என்று எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடியானது. மறுவருடம் தோட்டத்துப் பதிவில் மூன்று பேருடைய பெயரையும் வெட்டி, இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆண்டியப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நீ வந்து சொல்லியும் கெடைக்கலையே மச்சான். என் தலையெழுத்து" என்றான். பூரணி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

போன ஆடியில் கடிதம் வந்தது. கடலுக்கு அக்கரையில், போய் இறங்கிய முகாமிலேயே மீனம்மா காய்ச்சலில் போய்விட்டாளாம். பூரணி கல் உடைக்கப் போகிறாளாம். என்னைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறானாம்.

அன்றைக்கே மூன்று பக்கம் ஆறுதல் எழுதினேன். பதினான்கு வருடம் என்னை ஏமாற்றியதை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. நன்றி என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.