மெத்தைக்கு அடியில் ரெண்டு கறை

— இங்க வாங்க. வந்து மூக்கை வச்சுப் பாருங்க. தள்ளி நின்னு எட்டிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். மெத்தையை நான் தூக்கிப் பிடிச்சிருக்கேன், நீங்க குனிங்க.

— இதுக்குத்தான் அப்படிக் கத்தினியா? வேனுக்குள்ள பாம்பு புகுந்துடுச்சோன்னு ஓடி வரேன்.

— பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டிருப்பேன். இதை என்ன பண்றது? கறுப்பும் பச்சையுமா பூஞ்சை பூத்துக் கிடக்கு. இந்த சீசனுக்குன்னு வாங்கின புது மெத்தை!

— அட விடேன். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும். துணியால துடைச்சா போயிடும். தள்ளு, இருட்டுறதுக்குள்ள பொருட்காட்சி மைதானத்துக்குப் போய்ச் சேரணும். லைட் கட்டுற வேலை பாதியில நிக்குது.

— துடைச்சா போற ஜென்மமா இது? பஞ்சு வரைக்கும் இறங்கிடுச்சு. அதென்ன, பிளாஸ்டிக் ஷீட்டு? மெத்தைக்கு அடியில யாரு இதை விரிச்சது?

— நான்தான். ரோட்டுத் தண்ணி கீழேருந்து அடிக்குமே, ஈரம் பலகையில ஏறிடக் கூடாதுன்னு.

— ஈரம் கீழேருந்து வரலைங்க, மேலேருந்து வருது. உங்க உடம்புலேருந்து! ராத்திரி பூரா வேர்க்குது, மூச்சு விடுறீங்க. அந்தச் சூடு மெத்தை வழியா இறங்குது. கீழ பலகை ஜில்லுன்னு கிடக்கு, பட்டதும் தண்ணியாகுது. அது காய வழி வேணாமா? நீங்க என்னடான்னா ஷீட்டைப் போட்டுப் பொட்டலம் கட்டி வச்சிருக்கீங்க.

— சரி, தெரியாம போட்டுட்டேன். இப்ப என்னாங்குற?

— தெரியாமயா? பலகை அடிக்கும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஓட்டை போடுங்க, இல்லன்னா ரீப்பர் கட்டையை இடைவெளி விட்டு அடிங்க, அடியில காத்து ஓடட்டும்னு. 'அது ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்.' பாத்துக்கிட்ட லட்சணம் இதுதான்!

— ஓட்டை போட்டா பலகைக்குப் பலம் போயிடும்.

— இப்ப ரொம்ப இருக்கோ? விரலை வச்சு அமுக்கிப் பாருங்க, பொதபொதன்னு உள்ள போகுது. ஜன்னலைப் பாருங்க, அதையும் அட்டை வச்சு அடைச்சாச்சு. பனியில ஏணி மேல நின்னு லைட் கட்டுற ஆளு நீங்க. ஜன்னலை ரெண்டு விரல் அளவு திறந்து வச்சா ஜன்னி கண்டுடுமா?

— குளிருது, அடைச்சேன். ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு விசாரணையா? சாவியைக் குடு.

— சாவி என் இடுப்புல பத்திரமா இருக்கு. இருங்க. இந்தப் பக்கம் வெளிச்சத்துல காட்டுங்க மெத்தையை. நல்லா திருப்புங்க.

— என்ன இப்ப?

— கறை ரெண்டா இருக்கு.

— ரெண்டா இருந்தா என்ன, இருபதா இருந்தா என்ன?

— இதோ, கதவோரமா ஒண்ணு. தோள் அகலமா, இடுப்புப் பக்கம் அழுத்தமா. இது நீங்க. சுவரோரமா இன்னொண்ணு இருக்கே, இது யாரு?

— யாருன்னா? நான்தான். புரண்டு படுத்திருப்பேன்.

— நீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க பக்கத்துல படுக்குறவ நான். கட்டையைப் போட்ட மாதிரி போட்ட பக்கத்துலயே கிடப்பீங்க. வீடு இடிஞ்சு விழுந்தாலும் புரள மாட்டீங்க. வேன்ல மட்டும் புரளுறீங்களா?

— டூல்ஸ் பையை அங்க வச்சிருந்தேன். அந்தத் தடமா இருக்கும்.

— டூல்ஸ் பைக்கு வேர்க்குமா? அது மூச்சு விடுமா?

— மேல ஒழுகியிருக்கும்டி. பழைய பார்சல் வேன்தானே இது.

— ஒழுகினா கூரையில தடம் இருக்கணும், சுவர்ல வழிஞ்ச கோடு இருக்கணும். கையை வச்சுத் தடவுங்க, காய்ஞ்சு கிடக்கு. மேலருந்து ஒரு சொட்டு விழலை. இது ஆளு படுத்த ஈரம். ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி இல்ல. தினம் தினம் அதே இடத்துல படுத்து எழுந்திரிச்சாதான் இப்படி முதுகு மாதிரியே பூக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

— நீயா ஒண்ணைக் கற்பனை பண்ணிக்கிட்டு...

— கற்பனையா? கண்ணு முன்னாடி கிடக்குற இந்தக் கறை கற்பனையா? சொல்லுங்க பாப்போம், யாரு அவ?

— அறிவிருக்காடி உனக்கு? இந்த வயசுல என்னைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?

— கேக்க வச்சது நீங்க! ஊர் ஊரா பொருட்காட்சி, சர்க்கஸ், மேடைன்னு லைட் கட்டப் போறீங்க. நான் இங்க ராவெல்லாம் தைச்சுக்கிட்டு, மனுஷன் வேனுக்குள்ள தனியா சுருண்டு கிடப்பாரேன்னு நினைச்சு நினைச்சு மருகுறேன். இங்க ஜோடியா படுக்கை! சொல்லுங்க. கல்லுளிமங்கன் மாதிரி நிக்காதீங்க, எனக்கு ரத்தம் கொதிக்குது.

— கத்தாத. பக்கத்து வீட்டுல ஆளு இருக்கு.

— கேக்கட்டும்! நாலு பேர் கேக்கட்டும்! பக்கத்து வீட்டு அம்மாவையே நடுவுல வச்சுக் கேப்போம். யாரு படுத்தது?

— உன் பையன்.

— ...என்ன?

— நீ பெத்த பையன்தான். போதுமா? கிழிச்சுத் தோண்டியாச்சா? நிம்மதியா?

— அவனுக்கு ஏதோ ஓட்டல்ல வேலை, ரூம் குடுத்திருக்காங்க, நல்லா இருக்கான்னு சொன்னீங்க?

— பொய் சொன்னேன். ஓட்டலும் இல்ல, ரூமும் இல்ல. போன சீசன்ல ஒரு பொருட்காட்சியில மின்சாரம் போச்சுன்னு ஸ்டாலுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக்கிட்டுப் போறேன். அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு ஒருத்தன் படுத்திருக்கான். எழுப்பிப் பாத்தா என் பையன். என்ன செய்யச் சொல்ற? டார்ச்சை அணைச்சுட்டு வந்திருக்கணுமா?

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்!

— சொன்னா என்ன செஞ்சிருப்ப?

— செருப்பால அடிச்சிருப்பேன்.

— யாரை?

— ரெண்டு பேரையும்! என் தம்பியை அவனோட பட்டறையிலயே, வேலைக்காரங்க முன்னாடி கன்னத்துல அறைஞ்சவன் அவன். தாய்மாமன் மேல கை நீட்டினவன் இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீங்களும் தலையை ஆட்டிட்டு, என் முதுகுக்குப் பின்னாடி வச்சுச் சீராட்டியிருக்கீங்க.

— வாசப்படி ஏறக் கூடாதுன்னுதானே சொன்ன? வேனுக்கு ஏது வாசப்படி?

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

— இல்ல, இன்னிக்குப் பேசத்தான் போறேன். உன் தம்பியை ஏன்டா அடிச்சன்னு ஒரு தடவையாவது அவனைக் கேட்டியா? தீர்ப்பை எழுதிட்டுத்தான் கதவைத் திறந்த. உன் தம்பி என்னைப் பத்தி ஏதோ சொல்லியிருக்கான். என்னன்னு இவன் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேங்குறான். 'உங்க காதுல விழ வேணாம்ப்பா'ன்னுட்டு வயரைச் சுத்த ஆரம்பிச்சிடுறான்.

— என்ன சொன்னாலும் கை நீட்டலாமா?

— நீட்டக் கூடாது. அதுக்காக அவன் அட்டையில படுக்கணுமா? என்னடி நியாயம் இது? நான் வாயில்லாப்பூச்சின்னு நீயும் உன் தம்பியும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. ஆமா, வாயில்லாப்பூச்சிதான். ஆனா கண்ணு இருக்கு. பாத்துட்டேன், கூட்டிட்டு வந்தேன், பக்கத்துல படுக்க வச்சேன். இனியும் வைப்பேன். உன்னால ஆனதைப் பாத்துக்க.

— அவன் எந்தப் பக்கம் படுப்பான்?

— அதான் சொன்னியே. சுவரோரம்.

— ஏன் சுவரோரம்?

— கதவிடுக்குல காத்து வரும். அவனுக்கு ஆகாதுன்னு உள்ள தள்ளி விட்டேன்.

— சுவரோரம்தான் இருக்குறதுலயே கறுப்பு. மத்த இடமாவது பச்சை, அங்க மை கொட்டின மாதிரி கிடக்கு. ஏன் காத்து ஆகாது? ஜன்னலையும் அவனுக்காகத்தான் அடைச்சீங்களா?

— அது ஒண்ணுமில்ல.

— இந்த ஒண்ணுமில்லையைக் கேட்டுக் கேட்டே நான் கிழவி ஆயிட்டேன். இருமுறானா?

— ராத்திரியில கொஞ்சம்.

— கொஞ்சம்னா?

— படுத்தா இழுக்குது. எழுந்து உக்காந்துக்குவான். குளிர்னாலதான்னு நினைச்சேன்.

— குளிரா? மூஞ்சிக்குக் கீழ ஒரு ஜாண்ல இதை வச்சு, ஜன்னலையும் அடைச்சு, ராத்திரி பூரா மோந்து பாக்கச் சொல்லியிருக்கீங்க. குளிராம்! வாசலை விட்டு விரட்டினது நான், நெஞ்சைக் கெடுத்தது நீங்க. அப்பன்னு நெஞ்சைத் தட்டிக்கிட்டுப் பேச வந்துட்டாரு!

— எனக்கு என்னடி தெரியும்? வேணும்னா செய்வேன்?

— இறக்குங்க மெத்தையை. இது இனிமே வேன்ல ஏறாது. அந்த ஷீட்டைக் கிழிச்சு எறிங்க. பலகையை வினிகர் போட்டுத் துடைக்கணும், நான் துடைக்கிறேன், நீங்க துடைச்சா பாதி அங்கேயே இருக்கும். துளைபோடுற மெஷினை எடுத்துட்டு வந்து வரிசையா ஓட்டை போடுங்க. பலம் போயிடும்னு ஒரு பேச்சு வந்தது, அந்த மெஷினாலயே உங்களை...

— லேட் ஆகுதுடி. அவன் மைதானத்துல தனியா உக்காந்திருப்பான்.

— உக்காந்திருக்கட்டும், படுக்காம இருக்கான்ல, அது போதும். காலையில எழுந்ததும் மெத்தையைத் தூக்கி சாய்ச்சு நிக்க வைக்கணும். மழையா இருந்தாலும் ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கணும். அவன்கிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.

— எல்லாம் சரி. மெத்தைக்கு எங்க போறது? இன்னிக்கு ராத்திரி எதுல படுக்குறது?

— நீங்க வெறும் பலகையில கிடங்க, புத்தி வரும். அவன் ரூம்ல கட்டில் மேல அவனோட மெத்தை இருக்கு. அதைத் தூக்கிட்டு வாங்க.

— அதுவா? அவன் போன அன்னிக்கு நீ அடிச்சுச் சாத்தின கதவு, அதுக்கப்புறம் திறந்து நான் பாத்ததே இல்ல. ஜன்னலும் மூடிக் கிடக்கு. இதைவிட மோசமால்ல பூத்திருக்கும்?

— ஒரு புள்ளி இருக்கான்னு தேடிப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் உங்க வேன் தெருமுனை திரும்பினதும், அதைத் தூக்கிட்டுப் போய் மொட்டை மாடி வெயில்ல போடுறதுதானே எனக்கு முதல் வேலை.