பாதிக் குளிசை

...அது மட்டுமே பிள்ளை? உப்பைக் குறையுங்கோ, உப்பைக் குறையுங்கோ எண்டு ஒரே அரியண்டம்! அந்த நஸ்ரியாவத்தான் சொல்றன், உங்களுக்கு முதல் இந்த லிங்கநகரில வீடு வீடா பிரஷர் பாக்க வந்தவ. நீங்க எந்தப் பக்கம்? உப்புவெளியோ? கடவுளே, உப்பைக் குறைக்கச் சொல்ல உப்புவெளியில இருந்தே ஆள் வருது!

கட்டுங்கோ, இடது கைதானே? என்ன, கதைக்கக் கூடாதோ? சரி, நான் கதைக்கேல்ல. கதைக்கேல்ல எண்டு சொல்றதெல்லாம் ஒரு கதையே?

ஆறு மாசம் பிள்ளை! ஒவ்வொரு செவ்வாயும் மூதூர் பஸ்ஸில வந்து இறங்குவா. என்ர மனிசி ஐவியிட கையில இந்தப் பட்டியச் சுத்தி, காத்தடிச்சு, கொப்பியில எழுதுவா. நூற்றி எழுவது. அடுத்த கிழமையும் நூற்றி எழுவது. "பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அன்ரி?" எண்டு கேப்பா. ஐவியும் ஓம் எண்டுவாள். பொய்யே? ஒருநாள் தவறினதில்ல, காலமைச் சாப்பாடு முடிய நானே என்ர கையால எடுத்துக் குடுக்கிறனான். பிறகேன் குறையேல்ல? வாறவவுக்கு வேலை தெரியாது, அவ்வளவுதான்! துறைமுகத்தில முப்பத்தொரு வருசம் கிளாக்கரா இருந்தவன், சும்மா விடுவனே? மூண்டு பக்கத்தில பெட்டிசன். 'திறமையற்றவர், உடன் நீக்கவும்.' கீழ இராஜநாயகம் எண்டு கையெழுத்தும் போட்டு, பதிவுத் தபாலில அனுப்பினன். நீக்கிப் போட்டினம்.

போன ஞாயிறு ஐவி பூசைக்கு வெளிக்கிட்டவள், நெஞ்சைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில இருந்திட்டாள். அஞ்சு நாளா வார்டில கிடக்கிறாள். டொக்டர்மார் இன்னும் ஒண்டும் நிச்சயமாச் சொல்லீனமில்ல. எனக்குச் சோறு இறங்குதில்ல பிள்ளை. எல்லாம் அந்த நஸ்ரியாவால!

எவ்வளவு காட்டுது? நூற்றி முப்பதோ! பாத்தீங்களே! வயசு அறுவத்தெட்டு, இண்டைக்கு வரைக்கும் கிளினிக் பக்கம் தலை வச்சும் படுக்கேல்ல. விடியக் கருக்கலோட போய், நம்பர் எடுத்து, மர வாங்கில குந்திக்கொண்டிருக்க என்னால ஏலாது. எனக்கெண்டு ஒரு மரியாதை இருக்குத்தானே?

குளிசையோ? அது போடுறனான்தானே. வேற எங்கால, ஐவியிடதுதான். சேவ் எடுக்கிற பிளேட்டால நடுவில ஒரு வெட்டு. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. தாலி கட்டின நாள் தொடக்கம் எங்கட வீட்டில எல்லாம் பாதி பாதிதான். சின்னதா இருந்தா விழுங்கச் சுகம் எண்டன், அவளும் ஒண்டும் கேக்கேல்ல.

ஏன் பிள்ளை, எழுதுறத நிப்பாட்டிட்டீங்கள்? என்ன அப்பிடிப் பாக்கிறீங்கள்?

...

ஐயோ.

நூற்றி எழுவது...

பொறுங்கோ, எழும்பாதேங்கோ. டொக்டரிட்டயோ? ஓம், சொல்லத்தான் வேணும். நானும் வாறன், சேட்டு ஒண்டைப் போட்டிட்டு வாறன். அது சரியா நடுவில வெட்டுப்படாது பிள்ளை, ஒரு பக்கம் கூடிப்போகும்... அப்பிடிக் கூடினா, பெரிய துண்டை அவளுக்குத்தான் குடுத்தனான். கேக்கிறீங்களே? பிள்ளை! பெரிய துண்டு அவளுக்குத்தான்!