எதிரில் வருபவருக்கான காகிதம்

அவைக்கு அணி சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், பல்லேபொல வாகனச் சாரதிகள் சங்கத்தின் தூண் அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே! இருமருங்கும் வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பு வேலையை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் தாய்மாரே! ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகளுக்குச் சொந்தக்காரர்களான என் சகோதரர்களே! அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இன்று வெற்றி விழா. வென்றவன் நானா? இல்லை, நான் தோற்றவன். தோற்ற கதையை மார்தட்டிச் சொல்ல மேடையேறிய முதல் ஆள் இந்த இப்திகாராகத்தான் இருப்பான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு? பின்வரிசையில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார், "வருஷ லைசென்ஸ் எடுக்க" என்று. சபாஷ். இருபது ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரதேச செயலகத்தில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், ஆகக் குறைந்த விலைக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஒன்றை வாங்கிப் போடு. அந்த மூன்றாம் தரப்பு யார் என்று என்றைக்காவது கேட்டோமா? கேட்கவே இல்லை.

முன்வரிசையில் இருக்கிறாரே தங்கை ஸில்மியா, நம் சங்கத்தின் ஒரே பெண் சாரதி, இரண்டு வருடத்துக்கு முன் மாத்தளைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் காரை அகலமாக எடுத்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். எதிரே சைக்கிளில் வந்தவர் மிளகு பறிக்கும் தொழிலாளி ரமேஸ். தூக்கி வீசப்பட்டார்.

சேதி கேட்டுப் பறந்து போனேன். இருபத்தாறு விபத்துகளை ரோட்டிலேயே பேசித் தீர்த்தவன் நான்! பொலிஸ் படியேறாமல் முடிப்பது நமக்கெல்லாம் பெருமையல்லவா? கூடிநின்ற நம் சாரதிகளிடம் தொப்பியைக் கழற்றி நீட்டினேன். பத்து நிமிடத்தில் பதினையாயிரம் சேர்ந்தது. ரமேஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பெருசா ஒன்னும் இல்லைங்க, சுளுக்குத்தான்" என்றார். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து என் கைப்பட எழுதினேன்: 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.' கையெழுத்து வாங்கப் பேனையை நீட்டினேன்.

குறுக்கே வந்தார் ஸில்மியா. "இப்திகார் நானா, அந்தத் தாளக் கிழிங்க. பொலிஸுக்கும் சொல்லிட்டேன், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒன்னயக் காப்பாத்தத்தானே புள்ள நான் பாடுபடுறேன்? பிழை ஒன் பக்கம்."

"பிழை என் பக்கம்தான் நானா. அதுக்குத்தான் வருஷா வருஷம் கட்டுறேன். என் கார் ஒடஞ்சா அதுல ஒரு சதம் வராது. அது அவருக்குக் கட்டினது. அத வாணாம்னு எழுத நீங்க யாரு?"

சபையோரே, தாளைக் கிழித்துப் போட்டேன். மாலையில் வைத்தியசாலையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சுளுக்கா? முழங்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது! சத்திரசிகிச்சை, எட்டு மாதம் வேலை இல்லை, வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் வழியை அடைத்தவன் யார்? நல்லவன் என்று பெயரெடுத்த இப்திகார்!

என்ன, ஸில்மியாவின் காரா? சொன்னேனே, ஒரு சதமும் வரவில்லை. விளக்கையும் பம்பரையும் தன் செலவில்தான் மாற்றினார். சொந்த வாகனத்துக்கும் வேண்டுமென்றால் அது ஃபுல் இன்ஷூரன்ஸ். அதிலும் முதலில் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டியிருக்கும், கையெழுத்து வைக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பாவனைக்கு என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஹயர் ஓடினால், முட்டிய அன்றைக்குக் கையை விரித்துவிடுவார்கள். அதோ, ஹயர் ஓடும் நம் றிகாஸ் சிரிக்கிறார். தம்பி, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ரமேஸ் நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. தவணைக்குத் தவணை ஸில்மியா போனார். "நான்தான் ஓட்டினேன், அகலமா எடுத்தது நான்தான்" என்று அஞ்சாமல் சொன்னார். சென்ற மாதம் தீர்ப்பு வந்தது, நட்டஈட்டை இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும் என்று. வென்றது ரமேஸ்! வென்றது உழைத்தவன் கால்! வென்றது ஒரு பெண்ணின் நேர்மை! எவ்வளவு கிடைத்தது என்று கேட்காதீர்கள், அது ரமேஸின் வீட்டு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை அந்த ரமேஸ் ஊன்றுகோல் இல்லாமல் நம் காரியாலயப் படியேறி வந்தார். பழைய த்ரீவீல் ஒன்று வாங்கியிருக்கிறார், சங்கத்தில் சேர வேண்டுமாம். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "இன்ஷூரன்ஸ் எப்படிப் போடுறது?" என்று கேட்டேன்.

"என் வண்டிக்கு அப்புறம் பாத்துக்கலாம் நானா. எதிர்ல வர்றவரு யாருன்னு நமக்குத் தெரியாதுங்களே. மொதல்ல அவருக்குப் போடுங்க."

பேனையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். இனி ரோட்டோரப் பஞ்சாயத்துக்கு என்னை யாரும் கூப்பிடாதீர்கள், ஸில்மியாவைக் கூப்பிடுங்கள்.

பொறுமையாய்ச் செவி தந்த பெரியோருக்கும், பிள்ளைகளை அதட்டிக்கொண்டே கேட்ட தாய்மாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வளைவில் மெதுவாகப் போங்கள். வஸ்ஸலாம், வணக்கம்.