வெறும் கரி

எனக்குச் சத்தம் ஆகாது, சார். வீட்டில் மிக்சி ஓடினாலே வெளியே வந்துவிடுவேன். அதற்காகத்தான் ஷெட்டில் தூசியை வெளியே இழுக்கும் விசிறியை நிறுத்தினேன் என்று ஆறுச்சாமி ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு வேறு காரணம் தோன்றியிருக்காது.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் ஒரு பழைய அரிசி மில்லில்தான் எங்கள் வேலை. சூரிய மின்கலம் செய்கிறோம். கண்ணாடியின் மேல் மெல்லிய படலங்களாகப் பூசிச் செய்கிற மலிவான வகை. கடைசிப் பூச்சுக்குத் தங்கம் வைப்பவர்கள் உண்டு. நான் கார்பன் நானோகுழாய் வைத்தேன். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய குழாய்கள், பார்வைக்குக் கரித்தூள். அதை எடைபோட்டு, குழைத்து, கண்ணாடியில் இழுத்துப் பூசுவது ஆறுச்சாமியின் மனைவி மௌனிகா. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

விசிறி ஓடினால் தூள் பறக்கும். பூச்சு சீராகக் காயாமல் வெடிப்பு விடும். ஒருநாள் விசிறி பழுதாகி நின்றிருந்தது. அன்று அவள் பூசிய கண்ணாடிதான் அதுவரை செய்ததிலேயே அதிக மின்சாரம் கொடுத்தது. பழுது பார்த்த பிறகும் நான் விசிறியைப் போடவில்லை.

அந்தத் தூள் நுரையீரலில் ஊசிபோலத் தைத்துத் தங்கிவிடும் என்று எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். படித்திருக்கிறேன். எலிகளிடம்தானே. இருந்தாலும் கவனமாக இருப்பது நல்லது என்று, வடிகட்டி வைத்த முகக்கவசம் ஒன்று வரவழைத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவேன். அவளுக்குத் துணி மாஸ்க் கொடுத்திருந்தேன்.

"அந்த விசிறியப் போட்டுட்டாத் தேவலைங்க சார். தொண்டையெல்லாம் அறுக்குதுங்க," என்றாள்.

"இந்தத் தட்டுக் கண்ணாடி முடியட்டும்மா."

தலையாட்டினாள். அதற்குமேல் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. விசிறியைப் போடுவது என் கையில் இல்லாததுபோலத்தான் எனக்கும் இருந்தது.

மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. அடுத்த மழைக்குள் அவளால் நாலு படி ஏற முடியவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "இவங்க பணியெடுக்கற இடத்தில என்ன பொடி?"

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார்.

"கரிங்க டாக்டர். வெறும் கரி," என்றேன்.

"எங்கூட்டு அடுப்புலயும் அதுதானுங்களே," என்றார் ஆறுச்சாமி, எனக்கு ஒத்தாசையாக.

நான் பொய் சொல்லவில்லை. கார்பன் என்றால் கரிதான். காசநோயாக இருக்கலாம் என்று மருந்து எழுதினார்கள்.

கடைசியில் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடுவாள். போய்ப் பார்ப்பேன்.

"நான் பூசுனதுல லைட்டு நல்லா எரியுதுங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எரியுதும்மா."

சிரித்தாள். நான் காருக்குள் வந்து அழுதேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். தெரிந்தே விசிறியை நிறுத்தினேன். தெரிந்தே டாக்டரிடம் மறைத்தேன். அவள் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் போனபின் அந்த வீடு தள்ளாடியது. அவள் தங்கை பிரதீபாவை நானே கூப்பிட்டு வேலை கொடுத்தேன். முதல்நாள் விசிறியைப் போட்டுத்தான் கொடுத்தேன். எல்லாக் கண்ணாடியும் வெடிப்பு விட்டது. அவள் முகம் வாடிவிட்டது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுநாள் நிறுத்த வேண்டியதாயிற்று. அவளுக்கும் தொண்டை அறுக்கத் தொடங்கி, அவள் போய்ச் சொன்ன பிறகுதான் ஆறுச்சாமி உங்களிடம் வந்திருக்கிறார்.

அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார்.