ரெண்டு நாள் குழந்தைக்கு என்னென்ன வேணும்

இல்லம்மா, பட்டியல்னு யாரும் எழுதிக் குடுக்கல. ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்தாங்க, அதுல பால் குடுக்கறதப் பத்தித்தான் போட்டிருக்கு. வீட்டுல என்னென்ன மருந்து சாமான் இருக்கணும்னு அந்த நர்ஸம்மாகிட்ட கேட்டேன். உங்க ஊர் மருந்துக்கடையில கேளுங்க, பாத்து எடுத்துக் குடுப்பாங்கன்னுட்டாங்க. நீங்க சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வெச்சுக்கங்க.

ரெண்டு நாள் ஆகுது. செவ்வாக்கிழமை காலையில பொறந்துச்சு. பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூத்தி நாப்பது கிராம். நாளைக்கு மத்தியானம் வாசா ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பறாங்க.

என் குழந்தை இல்லம்மா. எனக்கு அம்பத்தாறு ஆச்சு. என் பொண்ணு சைமியோடது. அவளுக்கு இருபது. அப்ப எனக்குப் பேத்திதான், ஆமா. அந்த வார்த்தைய இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பாக்கல.

நன்றிம்மா.

தர்மாமீட்டரே இத்தனை வகையா? இது நெத்தியில காட்டறது, இது காதுல வெக்கறது. சரி, இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காது ஓட்டை பத்தாது. அப்ப பின்னாடி வெக்கறதுதான். நுனி வளையறது இருக்கா? அதையே குடுங்க. எத்தனை டிகிரிக்குப் பயப்படணும்? முப்பத்தெட்டு. மூணு மாசத்துக்குள்ள முப்பத்தெட்டு வந்துட்டா மருந்து கிருந்து குடுத்துப் பாக்கக் கூடாது, நேரா ஃபோன் பண்ணிட்டு ஆஸ்பத்திரி. சரி. அந்த அட்டை மேலயே எழுதிருங்க. நான் மறக்கற ஆள் இல்ல, ஆனா இந்த ரெண்டு நாளா கேக்கறது எதுவும் உள்ள போய் உக்கார மாட்டேங்குது.

பெட்டியா? பிரசவத்துக்கு முன்னாடி அரசாங்கம் குழந்தை சாமான் எல்லாம் போட்டுக் குடுக்குமே, அந்த அட்டைப் பெட்டி. அதுல தர்மாமீட்டர், நகவெட்டி எல்லாம் இருக்கும்னு எனக்கும் தெரியும். எங்களுக்கு வரல. இல்ல, தபால்ல தாமதம் எல்லாம் இல்ல. விண்ணப்பமே போடல. நாலாவது மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது தாய்சேய் மையத்துக்குப் போயிருக்கணும்ல, போகல. இப்பவும் ஏதாவது கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கறோம்னாங்க. பாக்கட்டும். சைமி பொறந்தப்போ வந்த பெட்டி மாடியில கெடந்துச்சு. அதுலதான் கிறிஸ்துமஸ் வெளக்கு போட்டு வெச்சிருந்தோம். நேத்து அதைக் கீழ எறக்கி, வெளக்கை எல்லாம் எடுத்துட்டு, சோப்புத் தண்ணியில தொடச்சு அடுப்பு பக்கத்துல காய வெச்சிருக்கேன். குழந்தை அதுல படுக்கலாம்ல? இருபது வருஷத்து அட்டைதான், ஆனா கெட்டியா இருக்கு. நாலு மூலையும் அமுக்கிப் பாத்தேன்.

மூக்குக்கு உப்புத் தண்ணி சொட்டு, சரி. இந்தக் குழாய் என்னது? நம்ம வாயால உறிஞ்சறதா? நடுவுல வடிகட்டி இருக்கா, காட்டுங்க. ஓ, இதை மாத்திக்கிட்டே இருக்கணும். அப்ப வடிகட்டி இன்னொரு பாக்கெட் போடுங்க. இப்ப வெளிய மைனஸ் இருபது, வீட்டுக்குள்ள குளிருக்கு அடுப்பு எரியுது, காத்து காஞ்சு கெடக்கு. மூக்கு அடைக்கத்தான் செய்யும்.

காய்ச்சலுக்குப் பின்னாடி வெக்கற மாத்திரை இப்ப வேணாமா? மூணு மாசம் கழிச்சு, எடை பாத்துட்டு. சரி, வேணாம். பிளாஸ்திரி? அதுவும் வேணாமா. உரிச்சு வாயில போட்டு தொண்டையில சிக்கிக்கும்... அது நான் யோசிக்கல. கட்டுப் போடற காஸ் துணி போதும்.

ஆமா, நான்தான். வண்டிங்களுக்கு எஃப்.சி. பாக்கற எடத்துல இருக்கேன். எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு ஆளுங்க பேரு நிக்காது, வண்டி நிக்கும். உங்களது சாம்பல் கலர், பின்பக்கம் எடது ஸ்பிரிங்குல விரிசல். போன மார்ச்சுல திருப்பி அனுப்பினேன். நீங்க மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனீங்க. ஒரு முடி அளவு விரிசல்தான், அடியில படுத்து டார்ச் அடிச்சாத்தான் தெரியும். மாத்திட்டீங்கல்ல? நல்லது.

கார்ல குழந்தைக்கான சீட்டு வாங்கியாச்சு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச விஷயம். நாலு தடவை கழட்டி மாட்டிப் பாத்தேன்.

வைட்டமின் டி சொட்டு ரெண்டு வாரத்துல இருந்து. தினம் அஞ்சு சொட்டு. காலையிலயா, ராத்திரியா? எப்ப வேணாலும். அப்ப காலையில காபியோட நான் ஞாபகப்படுத்தறேன்.

அப்புறம் தொப்புள். தொப்புள்ல அந்தக் கொடி இன்னும் காஞ்சு விழல. அதுக்கு என்ன போடணும்? தண்ணி மட்டுமா? நெஜமாவா? நான் ஏதோ மருந்து இருக்கும்னு நெனச்சேன். தண்ணியில பஞ்சுக் குச்சி நனைச்சு, அடியில சுத்தித் தொடச்சு, ஈரம் இல்லாம விட்டுரணும். செவந்துச்சுன்னாலோ நாத்தம் அடிச்சாலோ ஃபோன் பண்ணணும். சரி. அந்தக் கொடியை நான் வெட்டலம்மா. ஆம்புலன்ஸுக்குப் போட்ட ஃபோன்ல பேசின அம்மா வெட்டாதீங்க, தொடாதீங்கன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ்ல வந்தவங்கதான் வெட்டினாங்க.

ஆமா, வீட்டுல. வீட்டுலதான் பொறந்துச்சு.

திட்டம் போட்டெல்லாம் இல்லம்மா. செவ்வாக்கிழமை காலையில ஆறு மணி, நான் காபி போட்டுக்கிட்டிருந்தேன். குளியலறையில ரொம்ப நேரமா தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. கதவத் தட்டி, சைமி, எனக்கு வேலைக்கு நேரமாச்சுன்னேன். பதில் இல்ல. திரும்பத் தட்டினேன். அப்பான்னு ஒரு சத்தம். அவ என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு தெரியல, அதான் மொதல்ல மனசுல பட்டுச்சு. கதவு பூட்டல. நீராவிக் குளியல் சவுனாவோட படியில முதுகைச் சாய்ச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தா. தரையெல்லாம் ரத்தமும் தண்ணியும்.

நூத்திப் பன்னெண்டுக்குப் போட்டேன். என் பொண்ணுக்கு அடிபட்டிருச்சுன்னு சொன்னேன். அதான் வாயில வந்துச்சு. அந்தம்மா ரெண்டு மூணு கேள்வி கேட்டுட்டு, குழந்தை பொறக்குதான்னாங்க. இல்லன்னேன். இல்லம்மா, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு அழுத்திச் சொன்னேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னாங்க. பாத்தேன். தலை தெரிஞ்சுச்சு. ஆமான்னேன்.

ஃபோனைத் தரையில வெச்சு சத்தமா வைங்க, ரெண்டு கையும் காலியா வெச்சுக்கங்கன்னாங்க. சுத்தமான துணி இருக்கான்னாங்க. சவுனாத் துண்டு அடுக்கி இருந்துச்சு. முதலுதவிப் பெட்டி இருக்கான்னு நானா தேடினேன், கார்லதான் ஒண்ணு இருக்கு, அதுல முக்கோணக் கட்டுத் துணியும் தீக்காயக் களிம்பும். அதை வெச்சு என்ன பண்றது. அந்தம்மா, எங்கயும் போகாதீங்க, அங்கயே இருங்கன்னாங்க. இருந்தேன்.

வந்துச்சு. வழுக்கிக்கிட்டு என் கையில வந்து விழுந்துச்சு. அழல. நீலமா இருந்துச்சு. முதுகைத் தேய்ங்க, துண்டால நல்லா அழுத்தித் தேய்ங்கன்னாங்க. தேய்ச்சேன். இன்னும் தேய்ங்கன்னாங்க. எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க, தெரியாது. சைமி என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா, குழந்தையப் பாக்கல. அப்புறம் ஒரு இருமல் மாதிரி சத்தம். அதுக்கப்புறம் அழுகை. அந்தம்மா ஃபோன்ல, கேக்குது, எனக்குக் கேக்குதுன்னாங்க. அவங்க குரல் கொஞ்சம் நடுங்கின மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. அம்மா நெஞ்சு மேல வெச்சு, ரெண்டு பேரையும் மூடுங்கன்னாங்க, மூடினேன். தண்ணிக் குழாயை மூடினேன். ஆம்புலன்ஸ் வர இருபத்திரெண்டு நிமிஷம்.

வந்தவங்க எத்தனையாவது வாரம்னு என்னைக் கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல. அவங்க கெளம்பினதும் வேலைக்கு ஃபோன் போட்டு, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும்னேன். ஏன்னு கேட்டாங்க. குழாய்ல ஏதோ கோளாறுன்னேன். அப்புறம் குளியலறையைக் கழுவிவிட்டேன். காபி ஆறிப் போயிருந்துச்சு, அதையே குடிச்சேன். அப்புறம்தான் வாசாவுக்கு வண்டியை எடுத்தேன்.

இல்லம்மா, உக்கார வேணாம். நல்லாத்தான் இருக்கேன். தூங்கறேன், சாப்பிடறேன். கையில ஊசி போட்டு மரத்துப் போன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

களிம்பு எடுக்கணும்ல. டயப்பர் புண்ணுக்கு. இதுல வாசனை இருக்கா? இல்லாதது. சரி, அது. நகவெட்டி, நுனி மழுங்கினது. நகம் அந்த வயசுலயே அவ்வளவு நீளம் இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு. கன்னத்துல கீறி வெச்சிருக்கு.

கரி மருந்தா? விஷம் கிஷம் எதையாவது வாயில போட்டுட்டா குடுக்கறது. தவழ ஆரம்பிச்சப்புறம்தான் வேணும். விஷத் தகவல் நம்பருக்குக் கேக்காமக் குடுக்கக் கூடாது, சரி. தவழ எத்தனை மாசம் ஆகும்? எட்டு. இப்பவே குடுத்துருங்க. எட்டு மாசம் போறது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது.

அவ உண்டாயிருந்தது யாருக்குமே தெரியாதான்னுதான கேக்கறீங்க. கேளுங்க, எல்லாரும் கேட்டாச்சு. வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான். அவங்கம்மா ஹன்னெலே நாலு வருஷத்துக்கு முன்னாடி கெளம்பிப் போயி, கடலுக்கு அக்கரையில உமியோவுல இருக்கா. சண்டை கிண்டை இல்ல. பேச்சுத் தொணையே இல்லாத வீடுன்னு சொல்லிட்டுப் போனா. சைமி என்கூட இருக்கேன்னுட்டா. நான் ஏன்னு கேக்கல, சந்தோஷமா இருந்துச்சு. செவ்வாக்கிழமை ஹன்னெலேவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இல்போ, ஒரே வீட்டுலதான இருந்தீங்கன்னா. அவ மறைச்சுட்டா, நான் என்ன பண்ணட்டும்னேன். சனிக்கிழமை கப்பல்ல வர்றா.

மறைச்சுட்டான்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். டாக்டர்கிட்ட, வேலையில, பக்கத்து வீட்டுல. குளிர்காலம், பெரிய பெரிய ஸ்வெட்டர். சூப்பர் மார்க்கெட்ல வேலை பாத்தா, அக்டோபர்ல முதுகு வலின்னு நின்னுட்டா. கொஞ்சம் சதை போட்டிருக்கான்னு நெனச்சேன். அதைக் கேட்டா பொம்பளப் புள்ளைக்கு மனசு கஷ்டப்படுமேன்னு கேக்கல. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் தட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிருவா. சின்ன வயசு, தனியா இருக்கணும்னு தோணும்னு விட்டுட்டேன். தொந்தரவு பண்ணாத அப்பான்னு எனக்கு நானே ஒரு நெனப்பு.

ஆமாம்மா, கார்டுதான். அந்தப் பஞ்சு ரெண்டு பாக்கெட்டாப் போடுங்க.

நேத்து போனேன். அவ முழிச்சிருந்தா, குழந்தை அவ நெஞ்சு மேல தூங்கிக்கிட்டிருந்துச்சு. பேர் வெக்கல இன்னும். நான் கோட்டைக்கூடக் கழட்டல, நின்னுக்கிட்டே கேட்டேன். ஏன் சைமி என்கிட்ட மறைச்சேன்னு.

மறைக்கலையேப்பா, சொன்னேனேன்னா.

எப்பன்னேன். ஆகஸ்டுலயாம். ரெண்டு பேரும் காட்டுக்குப் போய்க் காளான் பொறுக்கிட்டு வந்து, சமையல்கட்டு மேஜையில கொட்டிச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தோம். அப்பச் சொன்னாளாம், அப்பா, நான் கர்ப்பமா இருக்கேன்னு. நான் ம்னேனாம். அப்புறம் அந்தக் கத்தியை இப்படித் தள்ளுன்னேனாம்.

காளான் ஞாபகம் இருக்கும்மா. மஞ்சக் காளான், ரெண்டு வாளி நெறைய. கத்தி கேட்டதுகூட ஞாபகம் இருக்கு. அவ சொன்னது இல்ல. நேத்துல இருந்து தேடறேன், இல்ல.

அவ கோவமாச் சொல்லல. நீங்க ம்னு சொன்னீங்க, சரி, தெரிஞ்சுக்கிட்டீங்க, நீங்களா ஒரு நாள் பேச்செடுப்பீங்கன்னு இருந்தேன்னா. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு வந்து உக்காரும்போது இன்னைக்குக் கேப்பீங்கன்னு நெனப்பாளாம். தாய்சேய் மையத்துக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு இருந்தாளாம், தனியாப் போகப் பயமா இருந்துச்சாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்தேம்ப்பா, அப்புறம் விட்டுட்டேன்னா.

ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி இருந்துச்சு, அதுல உக்காந்தேன். வெளிய பனியத் தள்ளற வண்டி ரெண்டு சுத்து வந்துட்டுப் போச்சு. கடைசியில, வீட்டுல என்னென்ன வேணும் சைமின்னு கேட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்கும் தெரியாதுப்பா, யார்கிட்டயாவது கேட்டுட்டு வாங்கன்னா.

அதான்மா வந்தேன்.